கரணமும் புவனமும்

ஆன்மா தானே அறியவல்லதன்று. அறிவிப்பான் ஒருவனும், அறிதற்குரிய கருவியும் உளவாயவழியே அஃது அறியும் என்பது நம் சித்தாந்த நூல்களின் துணிபு. அதுபற்றியே, இறைவன் உயிர்கட்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் அவ்வவற்றின் வினைக்கேற்பக் கூட்டுவன் என்றும் அவை கூறும். உடம்பு தனு, மனம் முதலிய உட்கருவிகள் கரணம், வாழும் உலகு புவனம், நுகர்ச்சி போகம். இந்நான்கனையும் திருமடத்துப் பாடசாலையில் மாணாக்கனாய் இருந்த நாளில் ஓதினேன். பின்னர் முப்பது ஆண்டிற்கு மேலாகப் பிறர்க்கு ஓதுவித்தேன். இவற்றுள் கரணத்திற்கும் புவனத்திற்கும் உள்ள இயைபினைக் கண்கூடாகக் காணும் வாய்ப்பு எனக்குக் கடல்கடந்த நாடொன்றில், சிறார் விளையாடும் பூங்காவிலே கிட்டியது. அதனை அன்பர்கட்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் பெயரன் ஒன்பது வயதினன். அவனுக்கு ஆட்டிசம் என்னும் நிலையும், அதனோடு இயைந்த கடும் மனப்பதற்றமும் உண்டென மருத்துவர் கூறுவர். ஆட்டிசத்தை 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் தனியொரு நிலையாக எடுத்து விரித்தெழுதினார். பெற்ற தாய் அன்பு காட்டாமையே இதற்குக் காரணம் என ஒரு காலத்தில் மேனாட்டார் சிலர் உரைத்த கூற்று, பிழையென்று பின்னர்த் தள்ளுண்டது. மூளையின் வளர்ச்சி பிறவியிலேயே வேறுபட்டமைதலே இதுவென இஞ்ஞான்று கொள்வர். எம் பிள்ளைக்குப் பேரொலி செவியில் அம்பெனப் பாயும். வரிசையிற் காத்து நிற்றலும், அடுத்து யாது நிகழும் என்று அறியாமையும், அயலார் மேனி தீண்டுதலும் பொறுத்தற்கரியன. பொறுதியின் எல்லை கடந்தவழி நிலத்தில் வீழ்ந்து, செவிகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். அதனைப் பிடிவாதம் என்பார் உளர். நீரில் மூழ்குவான் கைகால் உதறுதலைப் பிடிவாதம் என்பாரும் உளரோ?

இரண்டு ஆண்டுகட்கு முன் என் மகன் குடும்பத்தோடு தாய்நாடு போந்திருந்தனன். அப்பொழுது சென்னையை அடுத்த ஓர் விளையாட்டுப் பூங்காவிற்கு யாவரும் சென்றேம். அன்று விடுமுறை நாள். இராட்டினத்திற்கு நிற்கும் வரிசை நீண்டு கிடந்தது. ஒலிபெருக்கிகள் நாற்புறத்தும் முழங்கின. கால் நாழிகைக்குள் பிள்ளை வீழ்ந்தலறத் தொடங்கினான். சூழ்ந்து நின்றார் பலர், வழிவிட்டார் ஒருவருமிலர். அவருள், நெற்றி நிறைய நீறணிந்த முதியவர் ஒருவர், “எல்லாம் முன்வினை, பெற்றவர்களும் அனுபவிக்க வேண்டியதுதான்” என்று அருகில் நின்றார்க்கு உரைத்தார். அச்சொல் பிள்ளையின் தாய் செவியில் வீழ்ந்தது. அவள் அவரை ஒன்றும் கேட்டிலள். பிள்ளையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். அன்று தொட்டுக் கோயில், திருமணம், கடற்கரை என மக்கள் கூடும் எவ்விடத்திற்கும் அவனை அவள் கொண்டு சென்றிலள். பள்ளியும் வீடுமே அவன் உலகாயின.

வினைக்கொள்கை நம் சமயத்தின் உயிர்நிலைகளுள் ஒன்று. அதனை மறுப்பார் சைவராகார். ஆயின் அக்கொள்கை யாருக்குக் கூறப்பட்டது என்பதனை ஆராய்தல் வேண்டும். தன் துன்பத்திற்குப் பிறரைக் காரணமாக்கிச் சினவாமைப் பொருட்டும், தான் செய்வதனை அஞ்சிச் செய்தற்பொருட்டும் ஒவ்வொருவனும் தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளற்குரியது அது. பிறன் துன்பத்தின்முன் கைகட்டி நின்று உரைத்தற்குரியதன்று. வினைப்பயனை அளந்து ஊட்டுவோன் இறைவன். அதற்கு அயலார் கணக்கெழுத வேண்டுவதில்லை. மேலும், அவன் ஊட்டுவதும் உயிரை ஒறுத்தற்கன்று, அதன் மலத்தைப் பக்குவப்படுத்தி வீடு கூட்டுதற்கே என்றன்றோ நூல்கள் முழங்குகின்றன? அங்ஙனமாயின் ஊட்டுதலும் அருட்செயலே. அவ்வருட்செயலை அன்பிலாமைக்கு அரணாகக் கொள்வது கொள்கையைத் தலைகீழாக்குவதாம். இக்கருத்தினை மருமகளுக்குப் பலமுறை எடுத்துரைத்தேன். அவள் செவ்வனே கேட்டாள். ஆயினும் பிள்ளையை வெளியே கொண்டு செல்ல இசைந்திலள். வாயுரையால் ஆறும் புண்ணன்று அது.

சென்ற பங்குனித் திங்களில் என் மகன் அழைப்பிற்கிணங்கி, அவன் பணிபுரியும் அமெரிக்க நாட்டு டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரிற்குச் சென்றிருந்தேன். அந்நகரில் மார்கன்ஸ் ஒண்டர்லாந்து என்னும் பூங்கா ஒன்று உண்டு. அதன் வரலாறு அறியத்தக்கது. கோர்டன் ஹார்ட்மன் என்பார் அந்நகரில் வீடுகள் கட்டி விற்கும் பெருந்தொழில் நடத்தியவர். அவர் மகள் மார்கன் உடலிலும் அறிவு வளர்ச்சியிலும் குறையுடையவள். 2006-ஆம் ஆண்டில் விடுமுறைக்குச் சென்றவிடத்து, நீச்சற்குளத்தில் பந்தாடிக்கொண்டிருந்த சிறாருடன் தானும் ஆட அவள் விரும்பி அணுகினள். அச்சிறாரோ குளத்தை விட்டு வெளியேறினர். மகளின் முகத்தைக் கண்ட தந்தை, குறையுடையாரும் குறையில்லாரும் ஒருங்கே விளையாடும் இடம் யாதென வினவித் தேடினார். கிடைத்திலது. தம் தொழிலை 2005-ஆம் ஆண்டிலேயே விற்று அறநிலையம் நிறுவியிருந்த அவர், கைவிடப்பட்ட கற்சுரங்கம் இருந்த நிலத்தில் 25 ஏக்கர் பரப்பில் இப்பூங்காவை அமைத்து 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் திறந்தார். குறையுடையார்க்கு இங்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

அங்குள்ள இராட்டினத்தில் சக்கர நாற்காலியோடே ஏறி அமரலாம். மரக்குதிரைகள் ஏறியிறங்கி ஆடுதல்போலவே நாற்காலி நின்ற தட்டும் ஏறியிறங்கும். ஊஞ்சலும் அத்தகையதே. 2017-ஆம் ஆண்டில் அதன் அருகே திறந்த நீர்விளையாட்டுப் பூங்காவிற்கென, மின்கலம் இன்றி அழுத்திய காற்றினால் ஓடும் நாற்காலிகளைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் ஆக்கித் தந்தனர். மின்கலம் நீரிற் கெடும் ஆகலின் இவ்வுபாயம். பணியாளருள்ளும் குறையுடையார் பலர்.

அங்குச் செல்லலாம் என்று மகன் கூறியபோது மருமகள் நெடுநேரம் விடை கூறிற்றிலள். “கூட்டமில்லாத நாளில் சென்று, அவன் வேண்டாமென்றால் அக்கணமே திரும்பிவிட வேண்டும், மாமா” என்றாள். அங்ஙனமே உறுதி கூறினேன். செல்லுமுன் மூன்று நாள் பிள்ளைக்கு அவ்விடத்துப் படங்களைக் காட்டினேம். அன்று நிகழ்வனவற்றைப் படமும் எழுத்துமாக ஒரு தாளில் நிரல்பட எழுதித் தந்தேன்: மகிழுந்து, வாயில், தொடர்வண்டி, இராட்டினம், உணவு, வீடு. முடிந்த ஒவ்வொன்றையும் அவனே கோடிட்டு அடித்தல் வேண்டும். நிரலில் அவனுக்கு உள்ள பற்றுச் சூத்திரத்தில் இலக்கணிக்கு உள்ள பற்றினை ஒக்கும். ஒலியைத் தடுக்கும் காதுமூடியும், அவன் எப்பொழுதும் கையில் வைத்திருக்கும் நீலத் துணியும் உடன் கொண்டேம்.

பூங்காவினுள் செல்லும் சிறு தொடர்வண்டியில் அவன் நான்கு முறை ஊர்ந்தான். ஐந்தாம் முறை இராட்டினத்தின்முன் வந்து நின்றவன், அதன் இசை கேட்டு வெருண்டு செவிபொத்தி நிலத்தில் அமர்ந்துவிட்டான். தாயின் முகம் வெளிறியது. அங்குப் பணியில் நின்ற பெண்மணி அவனை எழுப்ப முயன்றிலள். தேற்றுரை பகர்ந்தும் நெருக்கிலள். சிறிது விலகி, அவளும் நிலத்திலேயே அமர்ந்துகொண்டாள். பின்னின்றார் தாமே விலகி வேறு வழியாகச் சென்றனர். ஒருவரும் உற்று நோக்கிலர். சற்று நேரத்தில் பிள்ளை தன் தாளை எடுத்து நோக்கினான், ‘இராட்டினம்’ என்பதனைக் கோடிட்டு அடித்தான், ஏறாமலே அடித்தான். பின் எழுந்து, தாயின் கையைப் பற்றி, “உணவு” என்றான். அவ்வளவே. அவன் இராட்டினம் ஏறிற்றிலன். ஆயினும் மக்கள் நடுவே அஞ்சி வீழ்ந்த பிள்ளை, தானே எழுந்து, அடுத்ததற்குச் சென்றதனை அவன் தாய் அன்றுதான் முதன்முறை கண்டாள். உணவிடத்தில் அவள் கண்ணீர் உகுத்தாள். யாமும் வாளா இருந்தேம். மறு கிழமையே அவனைத் தானே தனித்து அழைத்துக்கொண்டு மீண்டும் சென்றாள்.

இங்ஙனம் நிகழ்ந்ததற்குக் காரணம் யாது? பிள்ளையின் கரணம் மாறிற்றிலது. சென்னையிலே வீழ்ந்தவனும் இங்கே எழுந்தவனும் ஒருவனே. மாறியது புவனம். கருவி ஒருவகையாய் அமைந்த உயிர்க்கு, அதனோடு பொருந்திய இடம் வாய்ப்பின் நுகர்ச்சி இனிதாகின்றது, வாயாதவழித் துன்பமாகின்றது. கரணத்தை மாற்றுதல் நம் கையில் இல்லை. புவனத்தின் ஒரு மூலையையேனும் திருத்துதல் நம் கையில் உள்ளது.

இவ்வுணர்வு அந்நாட்டுப் பிற பூங்காக்களிலும் பரவி வருகின்றது. 1955-இல் வால்ட் டிஸ்னி கலிபோர்னியாவில் திறந்த பூங்காவில், வரிசையில் நிற்கவியலாதார் வேறிடத்தில் இருந்து தம் முறை வந்தவழிச் சென்று ஏறும் ஏற்பாடு 2013 முதல் உளது. முன்னிருந்த சலுகையை நலமுடையார் சிலர் பொய்கூறிப் பயன்கொண்டமையின் இம்முறை வகுக்கப்பட்டது. அறத்தைக் களவு கொள்வார் எந்நாட்டிலும் உளர். அதனால் அறம் நிறுத்தற்பாலதன்று, காத்தற்பாலது.

நம் நாட்டிலும் சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை எண்ணுகின்றது. ஆட்டிசமும் மனநோயும் அவற்றுள் அடங்கும். இந்தியா 2007-இல் உறுதிசெய்த ஐக்கிய நாட்டு உடன்படிக்கையின் 30-ஆம் உறுப்பு, குறையுடைய சிறார்க்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் ஒத்த பங்குண்டு என்கின்றது.

சட்டம் கூறுவதனை அன்புடையார் ஏவாமலே செய்வர். நம் திருக்கோயில் பலவற்றில் இஞ்ஞான்று மின்விசையால் அடிக்கும் மணியும் முரசும் வைத்துள்ளனர். கிழமைக்கு ஒரு நாள், ஒரு பூசைவேளையில், அவ்விசைக் கருவியை நிறுத்திக் கைமணி ஒன்றே ஒலிக்கச் செய்து, இத்தகைய பிள்ளைகளும் பெற்றோரும் நெருக்கமின்றி வழிபட இடந்தரலாம். பொருட்செலவு சிறிதும் இல்லை. நிருவாகிகள் எண்ணிப் பார்ப்பாராக.

அதுவரை நம்மனோர் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. திருச்சுற்றிலோ திருவிழாவிலோ ஒரு பிள்ளை வீழ்ந்தலறுமாயின், வினையை ஆராயற்க, பெற்றோரை நோக்கற்க, சூழற்க. இரண்டடி விலகி, அப்பிள்ளைக்குக் காற்றும் இடமும் விடுக. எழுகின்ற பொழுது வழிவிடுக. அவ்விரண்டடி நிலமே அவ்வேளையில் அவ்வுயிர்க்கு நாம் அமைத்துத் தரும் புவனமாம்.

திருச்சிற்றம்பலம்.