அம்மாவின் சுருக்குப்பையில் ஒன்பது ரூபாய்



அம்மாவின் பழைய காசுகளைப் படம் போட்டதிலிருந்து, "சார், எங்க வீட்லயும் விக்டோரியா ராணி காசு இருக்கு, எவ்வளவு போகும்?" என்று பத்துப் பதினைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகத் தட்டச்சு செய்ய என் விரல் ஒத்துழைக்கவில்லை. எல்லாருக்கும் இதுவே பதில்.

சுருக்குப்பையில் இருந்தவை ஒன்பது வெள்ளி ரூபாய்கள். நாங்கள் மூன்று பேர். தலைக்கு மூன்று என்று அண்ணன் எண்ணி வைத்துவிட்டார். அண்ணி, "உருக்கிப் பேத்திக்குக் கொலுசு பண்ணிடலாம் தம்பி, எல்லாம் ஒரே எடைதானே" என்றார். எடை ஒன்றுதான், தேய்மானம் போக ஒவ்வொன்றும் 11.66 கிராம். வெள்ளிதான் ஒன்றல்ல. லென்ஸை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

நான்கு காசுகளில் 1862 என்றிருந்தது. "அடேயப்பா, எவ்வளவு பழசு!" என்றான் தம்பி. அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 1862 என்ற ஆண்டை மாற்றாமலே 1874 வரை ரூபாய் அடித்துத் தள்ளினார்கள். ஆகவே விக்டோரியா ரூபாய்களில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது இதுதான். பம்பாய் நாணயச்சாலை மட்டும் ஆண்டு எண்ணை ஒட்டிச் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்து உண்மையான வருடத்தைக் குறித்தது. கல்கத்தா எந்தக் குறியும் போடவில்லை. நம் சென்னையில் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்த நாணயச்சாலை 1869இலேயே மூடப்பட்டுவிட்டது.

அடுத்த இரண்டும் 1918, ஐந்தாம் ஜார்ஜ். தலையில்லாத பக்கத்தில், கீழே தாமரைக்கு அடியில் பார்க்க வேண்டும். ஒன்றில் கடுகளவு புள்ளி, அது பம்பாய். மற்றதில் ஒன்றுமில்லை, அது கல்கத்தா. (குறி இல்லாவிட்டால் போலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.) முதல் உலகப்போர் நேரத்தில் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குப் பெரும் தட்டுப்பாடு. அமெரிக்கா 25 கோடிக்கும் மேற்பட்ட தன் வெள்ளி டாலர்களை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது, இந்திய ரூபாய்க்காக. அம்மாவின் காசில் அந்த டாலர் கொஞ்சம் கலந்திருக்கலாம்!

கடைசி மூன்றும் 1944. அவற்றின் பின்பக்கத்தில் பொடியாக ஆங்கில 'எல்' எழுத்து. எல் என்றால் லாகூர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே தொடங்கிய நாணயச்சாலை 1947இல் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அம்மாவின் கல்யாணம் 1946இல். மொய்யாக வந்த காசு என்று அம்மா சொல்லியிருக்கிறார். லாகூரில் அடித்த ரூபாய் இரண்டே வருடத்தில் கும்பகோணம் பக்கத்து மொய்ப் பணத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஆனால் 1940க்குப் பிறகு ரூபாயில் வெள்ளி பாதிதான். பழைய ரூபாயில் 10.7 கிராம் வெள்ளி என்றால் இதில் 5.8 கிராம். கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தால் ஒருவருக்கு 32 கிராம், இன்னொருவருக்கு பதினேழரை கிராம் போயிருக்கும். சண்டை வந்திராது, ஏனென்றால் யாருக்குமே தெரிந்திருக்காது. அதுதான் எனக்கு உறுத்தியது. இப்போது ஆளுக்கு இரண்டு பழசு, ஒரு லாகூர். அண்ணி கொலுசு செய்யத்தான் போகிறார், அது அவர் பங்கு. லாகூர் காசை மட்டும் உருக்கவில்லையாம்.

இன்னொன்று. உறவில் ஒரு பெண்ணுக்கு அலைபேசியில் யாரோ அழைத்து, அவளிடமுள்ள 1862 ரூபாய்க்குப் பல லட்சம் தருவதாகவும் முதலில் பதிவுக் கட்டணம் கட்டும்படியும் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, கட்டும் முன் என்னைக் கேட்டாள். இப்படித் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021இலேயே எச்சரித்திருக்கிறது.

உங்கள் காசுகளைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும். அதற்கு முன் புளி, சபீனா எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். அம்மா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தேய்த்துத் தேய்த்து, 1862 காசுகளில் ஒன்றில் புள்ளி இருந்ததா இல்லையா என்றே இப்போது தெரியவில்லை.