நிலத்தின் அடியில் ஒரு கல்லூரி

"உனக்கு எந்த ஊர்?" என்று யாரேனும் கேட்டால், சென்ற ஆண்டு வரை நான் நேராக விடை சொன்னதில்லை. "கோலார் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். கோலார் தங்கவயல் என்று சொல்லிவிட்டால் போதும். உடனே 2018-ல் வந்த திரைப்படத்தைப் பற்றிக் கேள்விகள் எழும். "உங்கள் ஊரில் எல்லாரும் கத்தியோடுதான் நடப்பார்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்ட நண்பர்கள் உண்டு. நானும் சிரித்துவிடுவேன். வீடு திரும்பிய பின் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய் நிற்கும்.

அந்தக் கூச்சம் எனக்கு எப்படி நீங்கியது என்பதைச் சங்கத்து நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு நாள் பௌதிக வகுப்பில் எங்கள் பேராசிரியர் நியூட்ரினோவைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பாடத்தின் நடுவே நிறுத்தி, "காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் உலகத்தில் முதன்முதலில் எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். ஒருவன் அமெரிக்கா என்றான். ஒருத்தி ஜப்பான் என்றாள். அவர் தலையை அசைத்துவிட்டு, "இரண்டே இடங்கள். ஒன்று தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம். மற்றொன்று இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, கோலார் தங்கவயல்" என்றார். பிறகு, "இந்த வகுப்பில் அந்த ஊர்க்காரர் எவரேனும் உண்டா?" என்று கேட்டார்.

நான் கையை உயர்த்தவில்லை. ஊரை மறைத்ததற்காக முன்பு வெட்கப்பட்டவன், அன்று ஊரை அறியாததற்காக வெட்கப்பட்டேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். அதன் அடியில் நடந்ததை அயலூர்ப் பேராசிரியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று மாலை நூலகத்துக்குச் சென்றேன். அடுத்து வந்த பல மாலைகளும் அங்கேயே கழிந்தன. நான் கண்டது ஒரு கல்லூரியின் கதை. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை. பட்டமளிப்பு விழா இல்லை. ஆனால் நோக்கம் இருந்தது. ஒப்பற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள்.

அந்தக் கல்லூரிக்கு வித்திட்டவர் ஹோமி பாபா. 1945-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய அவருக்குக் காஸ்மிக் கதிர்களில் தீராத வேட்கை இருந்தது. விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பல துகள்கள் பிறக்கின்றன. அவற்றுள் மியூவான் என்பது ஒன்று. இப்போது நீங்கள் உள்ளங்கையை நீட்டினால், ஏறக்குறைய நொடிக்கு ஒரு மியூவான் அதை ஊடுருவிச் செல்கிறது. இந்தத் துகள் பாறைக்குள் எவ்வளவு ஆழம் போகும்? அதை அறிய ஆழமான குழி வேண்டும். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் நம் ஊரில் ஆயத்தமாக இருந்தது. தங்கத்துக்காகத் தோண்டிய குழி விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது.

1951-ல் கருவிகளோடு அங்கே இறங்கிய இளைஞர் பி. வி. ஸ்ரீகண்டன். மைசூருக்கு அருகே நஞ்சன்கூட்டில் 1925-ல் பிறந்தவர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றவர். 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் விஞ்ஞானக் கல்லூரியாக விளங்கியது அந்தச் சென்ட்ரல் கல்லூரிதான். நம் சி. வி. இராமன் தமது புதிய ஒளியைப் பற்றி 1928 மார்ச் 16-ஆம் நாள் உரையாற்றியதும் பெங்களூரில்தான். அந்த நகரத்தில் பௌதிகம் பயின்ற மாணவர் தங்கவயலுக்கு வந்து, பாறைக்கடியில் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னாளில், 1975 முதல் 1987 வரை, டாட்டா நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

ஆழம் கூடக் கூட மியூவான்கள் குறைந்துகொண்டே வந்தன. 1960-களின் தொடக்கத்தில் ஒசாகா நகரத்திலிருந்து வந்த மியாகே என்ற ஜப்பானியரும், வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி ஆகியோரும் 2,760 மீட்டர் ஆழம் வரை கருவிகளை இறக்கினார்கள். அங்கே ஏறத்தாழ இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு துகள்கூட வரவில்லை.

இதைப் படித்தபோது முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தேர்வில் சுழியம் வாங்கினால் நாம் தலைகுனிகிறோம் அல்லவா? ஆனால் அந்தச் சுழியத்தை அவர்கள் பெரும் பேறாகக் கொண்டார்கள். மேலிருந்து வரும் இரைச்சல் முழுவதும் ஓய்ந்துவிட்ட இடம் அது. சந்தை இரைச்சலில் கேளாத ஊசியின் ஒலி, நள்ளிரவில் கேட்கும். பூமி முழுவதையும் தடையின்றி ஊடுருவக்கூடிய நியூட்ரினோவைத் தேட இதைவிட ஏற்ற இடம் இல்லை என்று உணர்ந்தார்கள்.

1964-ன் இறுதியில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் அமைக்கப்பட்டன. இந்தியர்களோடு ஒசாகாவின் ஜப்பானியர்களும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்துகொண்டனர். மேலிருந்து வரும் துகள்களைப் பாறை விழுங்கிவிடும். ஆகவே பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ ஒரு மியூவான் வந்தால், அது நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறந்ததாகவே இருக்க வேண்டும். இதுதான் சூட்சுமம். 1965-ல் அது வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தங்கவயல் குழுவின் கட்டுரை வெளியாயிற்று. அமெரிக்க அறிஞர் ரைன்ஸ் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் கண்ட செய்தியும் அதே மாதத்தில் சற்றுப் பின்னர் வந்தது. துகளை முதலில் கண்டவர் ரைன்ஸ். செய்தியை முதலில் அச்சேற்றியவர்கள் நம்மவர்கள். இருவருக்கும் உரிய பெருமை இது.

அக்கட்டுரையில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. அவற்றுள் எம். ஜி. கே. மேனன் பாபாவுக்குப் பின் டாட்டா நிலையத்தை நடத்தியவர். டர்ஹாமின் வுல்ஃபண்டேல் பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலறிஞர் ஆனார். அந்தப் பதினொரு பெயர்களையும் நான் விரலால் தடவிப் படித்தேன். அப்போதுதான் ஒரு கேள்வி என்னைச் சுட்டது: கருவிகளை அத்தனை ஆழத்துக்கு இறக்கியவர்கள் யார்?

அந்த வாரக் கடைசியில் மாரிகுப்பம் ரயிலில் ஊருக்குப் போனேன். எங்கள் லைன் வீட்டுத் திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். 1963-ல், இருபது வயதில், சுரங்கத்தில் சேர்ந்தவர் அவர். "தாத்தா, கீழே விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்தார்களாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன ராஜா! பம்பாய் ஐயாமாருங்கதானே? ஜப்பான்காரங்ககூட வருவாங்க. நம்மள மாதிரியே தொப்பியும் விளக்கும் மாட்டிக்கிட்டு அதே கேஜுலதான் இறங்குவாங்க. வேர்த்துக் கொட்டும். முகம் சுளிக்க மாட்டாங்க."

"நீங்கள் அங்கே வேலை செய்தீர்களா?"

"ஒரு சமயம் இரும்புக் குழாய் இறக்கினோம். சதுரக் குழாய். ஒண்ணா ரெண்டா? இறக்க இறக்க வந்துகிட்டே இருந்துச்சு. எங்களுக்குத் தங்கம், அவங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ தூசுன்னு பேசிக்குவோம்."

எனக்கு மெய்சிலிர்த்தது. 1980-ன் இறுதியில் அங்கே தொடங்கிய புரோட்டான் சிதைவு ஆராய்ச்சியின் கருவி அது. சதுர இரும்புக் குழாய்களை 34 அடுக்குகளாக அடுக்கி அமைத்தது. ஏறக்குறைய 140 டன் எடை. எல்லாப் பொருளுக்கும் ஆதாரமான புரோட்டான் என்றேனும் ஒரு நாள் தானே சிதையுமா என்பது கேள்வி. ஒரே புரோட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தால் யுகங்கள் போதா. ஆகையால் கோடானுகோடிப் புரோட்டான்கள் அடங்கிய இரும்பை ஒருசேரக் காவல் காத்தார்கள். இந்தக் கேள்விக்கென்றே உலகில் அமைந்த முதல் கருவிகளுள் ஒன்று அது. அதன் இரும்பில் ஒரு பகுதி என் தாத்தாவின் தோளில் ஏறி இறங்கியிருக்கிறது.

இதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொன்னேன். கையை நீட்டச் சொல்லி, "இதோ, இப்போது ஒன்று போயிற்று, இதோ, இன்னொன்று" என்றேன். அவர் உள்ளங்கையை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். இரண்டு மாதம் ஒன்றும் வராமல் காத்திருந்த கதையைச் சொன்னபோது, "அது எங்களுக்குத் தெரிஞ்ச வேலைதான். மாசக்கணக்கா வெறும் பாறையையே உடைச்சிருக்கோம்" என்றார்.

பிறகு, "அந்தப் புரோட்டான் உடைஞ்சுதா?" என்று கேட்டார்.

"தங்கவயலில் உடைந்தாற்போல் சில அடையாளங்கள் தெரிந்தன தாத்தா. பிறகு பிற நாடுகளில் பெரிய கருவிகளால் தேடியபோது உறுதியாகவில்லை. இன்று வரை யாரும் கண்டதில்லை."

"பரவாயில்ல. தேடினது பொய்யில்லையே" என்றார் தாத்தா. சற்றுப் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "இத அப்பவே யாராவது எங்ககிட்ட உட்காந்து சொல்லியிருந்தா, இன்னும் பத்திரமா இறக்கியிருப்போம்" என்றார்.

நண்பர்களே, அந்த ஒரு வாக்கியம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

விஞ்ஞானக் கல்லூரி ஒன்றின் நோக்கம் என்ன? உண்மையைத் தேடுவது, தேடுவோரை உருவாக்குவது. இந்த இரண்டையும் தங்கவயலின் ஆழம் செவ்வனே செய்தது. மூன்றாவது ஒன்றும் உண்டு: கண்ட உண்மையை அண்டையில் இருப்பவனுக்கு அவன் மொழியில் சொல்வது. இது முதல் இரண்டையும்விட எளியது. ஆனால் இதுதான் விட்டுப்போகிறது. அறிஞர்களைக் குறை கூற நான் வரவில்லை. வெப்பத்திலும் ஆபத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் அவர்கள். அந்த மூன்றாவது கடமை அவர்களுடையதாக மட்டும் ஏன் இருக்க வேண்டும்? அந்த ஊரில் பிறந்து, தமிழும் விஞ்ஞானமும் கற்ற நாம் என்ன செய்தோம்?

கேட்பதற்கு ஆள் இல்லை என்று சொல்லவும் முடியாது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் கூலிகளாய் வந்த மக்கள், மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926 முதல் அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் மாலையில் இதழ் படித்து விவாதித்த ஊர் அது. அறிவுப் பசி அங்கே பரம்பரைச் சொத்து.

அந்தக் கல்லூரி இன்று இல்லை. 1990-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சிகள் நின்றன. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கமும் மூடப்பட்டது. ஆழத்து அறைகளில் நீர் நிறைந்துவிட்டது. ஜப்பானில் கமியோக்கா என்ற ஊரிலும் ஒரு சுரங்கம் உண்டு. 1983-ல் அங்கே புரோட்டான் சிதைவைத் தேடத் தொடங்கியவர்கள், நியூட்ரினோ ஆராய்ச்சியில் முன்னேறி, 2002-லும் 2015-லும் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்களுக்கு முன்பே நாம் தொடங்கியிருந்தோம் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. ஆயினும் பெருமூச்சு விடுவதால் நீர் வடியப் போவதில்லை.

என்னால் இயன்றதைச் செய்தேன். சென்ற கோடை விடுமுறையில், எங்கள் லைனில் இருந்த பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு அழைத்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அந்தக் கட்டுரையில் இருந்த பெயர்களும் பதினொன்றுதான் என்று எண்ணிக்கொண்டேன். கரும்பலகைக்குப் பதில் தகரக் கதவு. அதில் சுண்ணக்கட்டியால் சுரங்கத்தை வரைந்தேன். நியூட்ரினோவை நான் சொன்னேன். கேஜையும் குழாயையும் தாத்தா சொன்னார். என் பாடத்தைவிட அவருடைய பாடத்தைத்தான் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். முடிவில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அண்ணா, தண்ணி நிறைஞ்சாலும் அந்த நியூட்ரினோ இப்பவும் அங்க போய்க்கிட்டுத்தானே இருக்கும்?" என்று கேட்டாள். "ஆம்" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு நா எழவில்லை.

சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஒவ்வொருவர் ஊரிலும் ஓர் ஆலையோ அணையோ ஆய்வுக்கூடமோ இருக்கும். அதன் உள்ளே நடப்பது என்ன என்று கேட்டறியுங்கள். அறிந்ததை அதன் வாசலில் வாழ்பவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்குச் சொல்வதையும் கேளுங்கள்.

இப்போது யாரேனும் என் ஊரைக் கேட்டால், "கோலார் தங்கவயல்" என்று முழுப்பெயரையும் சொல்கிறேன். திரைப்படத்தைப் பற்றிக் கேட்டால், "முதலில் கையை நீட்டுங்கள்" என்கிறேன்.