டா-டி-டா

மோர்ஸை மறுபடி பிடித்திருக்கிறேன். கிடைத்த ஆப் எதுவும் ஒத்துவராததால் நானே ஒன்று எழுதிக்கொண்டேன். புள்ளி, கோடு எதையும் திரையில் காட்டாது, 'டி', 'டா' என்ற ஓசை மட்டும்தான். கோக் முறைப்படி முதலில் கே, எம் இரண்டே எழுத்து, அதுவும் நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில். மெதுவாகக் கேட்டால் மனசு புள்ளிகளை எண்ண ஆரம்பித்துவிடும், அதோடு தேங்கிவிடுவோம். எஸ்ஸுக்கு மூன்று 'டி', எச்சுக்கு நான்கு, 5-க்கு ஐந்து. இவற்றில் எதில் தடுமாறினாலும் ஆப் வேண்டுமென்றே அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும். நானே எழுதியது, யாரைத் திட்டுவது?

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003-லேயே தளர்ந்துவிட்டது. ஆனாலும் இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் இரைச்சலில் பேச்சு கரைந்துபோகிற இடத்தில், சில வாட் மோர்ஸ் தனியாகக் கேட்கும். நேற்று யாரோ 'சிக்யூ' என்ற பொது அழைப்பைத் தட்டினார். அவருடைய அழைப்புக்குறியை முழுசாக எழுதிவிட்டேன். பதில் தட்டத்தான் இன்னும் கை வரவில்லை.