தலைவாசலுக்குத் தேக்குத்தான் வேண்டுமா?

புது வீடு மந்திரிக்க அழைப்பு வராத மாதம் நமக்கு அரிது. தீர்த்தம் தெளித்துக்கொண்டு அறை அறையாகச் செல்லும்போது, வீட்டார் நமக்கு முதலில் காட்டுவது தலைவாசல் கதவைத்தான். கூரை வெயிலைத் தாங்குமா, காற்று எந்தப் பக்கமாக வரும் என்பதை எவரும் சொல்வதில்லை. "தேக்கு, சாமி!" என்று விரல் மடக்கித் தட்டிக் காட்டுகிறார்கள். அந்தத் தட்டலுக்குப் பின்னால் எத்தனை மாதத் தவணை நிற்கிறது என்பதைப் பின்னொரு நாள் பங்குமனைத் திண்ணையில் கேட்க நேரிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் வாசுதேவநல்லூரில் மரத்துக்குப் பஞ்சமில்லை என்று வெளியூரார் எண்ணக்கூடும். மலையில் நிற்பது வனத்துறையின் மரம். கடையில் கிடப்பதோ பணமுடையோரின் மரம். நம் முன்னோர் இவ்விரண்டையும் நம்பவில்லை, பனையை நம்பினார்கள். மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே. பனைக்கு அது வெளிப்புறத்தில். முதிர்ந்த பனையைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, கறுத்த பகுதியைக் கைமரமாகச் செதுக்கிக்கொண்டார்கள். ஈரம் படாமல் காத்தால் அது தலைமுறைகளைத் தாங்கும். இன்று புதிதாகப் பனையை வெட்ட எண்ணுவோர், அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததை நினைவிற்கொள்க. ஆகவே, பழைய ஓட்டு வீட்டின் மேலே கிடக்கும் பனங்கை ஒவ்வொன்றும் இனி எளிதில் கிடைக்காத பொருள்.

வெளிநாட்டில் பணிபுரியும் நம் பங்கின் இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, மர வீடுகளைப் பற்றிய பெரிய படநூல் ஒன்றை நம் கையில் தந்தார். "இந்த மாதிரி கட்டப் போகிறேன், சாமி. பழைய வீட்டை இடிக்க அம்மா சம்மதிக்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள்" என்றார். அந்த வீட்டை நாம் அறிவோம். அவர் பாட்டனார் கட்டியது. பனங்கை, நாட்டோடு, வேப்பமர நிலை. நூலைப் படித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பிவைத்தோம்.

மூன்று இரவுகள் அதனோடு கழிந்தன. படங்கள் மெய்யாகவே கண்ணைக் கவர்ந்தன. ஜப்பானின் ஹோர்யூஜி ஆலயம் உலகில் இன்றும் நிற்கும் மரக்கட்டடங்களுள் மிகப் பழையது. ஏறத்தாழ 1,300 ஆண்டு வயதுடையது. நார்வே நாட்டின் ஊர்னெஸ் என்னுமிடத்தில் 12ஆம் நூற்றாண்டு மரக்கோவில் ஒன்று இருக்கிறது. அந்நாடு கத்தோலிக்க நாடாக இருந்த காலத்தில் எழுப்பப்பட்டது என்பதால் அதன்மேல் நமக்குத் தனிப்பற்று உண்டாயிற்று. அதன் தூண்கள் மண்ணில் ஊன்றப்படவில்லை. கல்லடுக்கின்மேல் கிடத்திய உத்திரத்தின்மீது நிற்கின்றன. மரம் மண்ணைத் தொட்டால் உளுக்கும் என்பதை அக்குளிர்நாட்டுத் தச்சரும் அறிந்திருந்தனர், திண்ணைத் தூணுக்குக் கீழே கல் வைத்த நம் தச்சரும் அறிந்திருந்தனர். அதே நார்வேயில் 2019இல் 18 மாடிகளும் 85 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட மரக்கட்டடமொன்று முடிக்கப்பட்டது. மரத்துண்டுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த உத்திரங்களால் ஆனது அது. ஆனால் அங்கே மரம் பயிர்போல் நட்டு அறுக்கப்படுகிறது. நாம் அதைக் கப்பலில் வரவழைக்க வேண்டும். அழகிய அந்நூலில் விலை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

நம் நாட்டிலும் நூல்களுக்குக் குறைவில்லை. மனையடி சாஸ்திரம் பார்க்கலாமா என்று நம்மைக் கேட்போர் உண்டு. அடிக்கணக்கில் அதிர்ஷ்டம் தேடுவது கிறிஸ்தவ இல்லத்துக்கு ஏற்றதன்று. எனினும் சோழர் காலத்தைச் சார்ந்ததாகக் கருதப்படும் மயமதம் என்னும் வடமொழி நூலில், தச்சுத் தொழிலே விரிவாகப் பேசப்படுகிறது. அடிமுதல் நுனிவரை ஒரே பருமனுள்ளது ஆண் மரம், அடி பருத்து நுனி மெலிந்தது பெண் மரம் என்று பகுத்து, எதை எதற்குக் கொள்வது என்கிறது. மரத்தோடு மரம் பொருத்தும் முறைகளுக்கென்றே ஓர் இயல் வைத்திருக்கிறது. தஞ்சையில் பிறந்த ராம் ராஸ் இத்தகைய சிற்பநூல்களை ஆராய்ந்து, தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்து ஆங்கிலத்தில் எழுதினார். அந்நூல் அவர் மறைந்தபின் 1834இல் இலண்டனில் வெளிவந்தது.

ஆயினும், நம் பங்குமக்களுக்கு ஒரே ஒருவரின் எழுத்தைப் பரிந்துரைக்க வேண்டுமெனில் லாரி பேக்கரைத்தான் (1917–2007) சொல்லுவோம். பர்மிங்காமில் பிறந்த குவேக்கர் சபையினர். 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தவர். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்டவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை வாழ்நாளெல்லாம் கடைப்பிடித்தவர். திருவனந்தபுரம் லொயோலா சிற்றாலயத்தின் செங்கல் சல்லடைச் சுவரினூடே வரும் ஒளியைக் கண்டவர்கள் அவருடைய திறமையை அறிவார்கள். கைப்பட எழுதிப் படம் வரைந்த சிறு நூல்களில் அவர் கணக்கை ஒளிக்கவில்லை. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டில் கால்பங்கு செங்கல் மிச்சமாகும். அந்த வெற்றிடமே வெயிலையும் தடுக்கும். எல்லாக் கதவுக்கும் நிலை வேண்டியதில்லை. சுவரிலேயே கீல் பதித்து மாட்டலாம். சன்னலுக்கு ஒற்றைப் பலகை போதும். மேலும் கீழும் முளை வைத்தால் சுழலும். இடிக்கப்பட்ட வீடுகளின் மரத்தை வாங்கித் தம் சொந்த வீட்டில் பொருத்திக்கொண்டவர் அவர்.

மர வேலைப்பாடு பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. சூசையப்பரின் தொழிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் தச்சரையும் கட்டுவோரையும் சேர்த்தே சுட்டும். எரேமியா இறைவாக்கினர் கேதுருப் பலகை வேய்ந்த மாளிகையைக் கடிந்துகொண்டதும் (எரே. 22), கேதுருவின்மேல் கொண்ட வெறுப்பால் அன்று, அதைக் கட்டிய வேலையாளுக்குக் கூலி கொடுபடவில்லை என்பதற்காக. புதுமனை விருந்து முடிந்து மாதங்கள் சென்றபின்னும், பாக்கிக் கூலிக்கு வாசலில் நிற்கும் ஆசாரிகளை நாமும் கண்டிருக்கிறோம். கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடச் சொன்ன நம் ஆண்டவருடைய உவமையைப் பூசையில் கேட்கிறோம். ஆனால், கணக்கிடும்போது கூலியைக் கடைசி வரியில் எழுதுகிறோம்.

நான்காம் நாள் அந்த வீட்டுக்குச் சென்றோம். தாயாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கூடவே அழைத்துச்சென்ற முதிய ஆசாரி ஏணியில் ஏறி, உளியின் பிடியால் கைமரங்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். முப்பத்திரண்டில் மூன்றே உளுத்திருந்தன. மூன்றும் ஓடு உடைந்து மழை ஒழுகிய இடத்திலிருந்தவை. "இந்தச் சாமானை இன்றைக்கு எங்கே போய் வாங்குவது, தம்பி?" என்றார் இறங்கி வந்து. இளைஞர் சற்று நேரம் மேலே பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் பேக்கரின் நூலை அவரிடம் தந்தோம்.

முன்கட்டு அப்படியே இருக்கிறது. திரு இருதய ஆண்டவர் படமும் தாயாரின் கட்டிலும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. பின்னால் இரண்டு அறைகள் எழுகின்றன. ஊர்க் கொத்தனாருக்கு எலிப்பொறிக் கட்டில் நம்பிக்கையில்லை. முதல் சுவரை ஆளுயரம் கட்டித் தோளால் முட்டிப் பார்த்தபிறகே இரண்டாம் சுவரைத் தொடங்கினாராம். படநூலில் கண்டதுபோல் திண்ணைக்கு மட்டுமாவது மரச்சட்டம் வேண்டும் என்று இளைஞர் விரும்புகிறார். இடிபட்ட மாட்டுத்தொழுவத்துப் பனங்கைகளைக் கொண்டு அதைச் செய்யலாம் என்கிறார் ஆசாரி. தேக்குக் கதவுக்கென்று ஒதுக்கியிருந்த தொகையில் அவருடைய கூலி முழுவதும் முன்பணமாகக் கொடுக்கப்பட்டுவிட்டது.