218-இல் ஏறினால் பசியாறலாம்

ஹைதராபாத்தில் குறைந்த காசில் வயிறாரச் சாப்பிட இடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடையைத் தேடாதீர்கள், வீட்டை விட்டு வந்தவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று பாருங்கள். ஷிப்ட் முடிந்த தொழிலாளி, வேலைக்குப் படிக்கும் இளைஞர், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் உறவுக்காரர் என இவர்கள் நிற்கும் இடத்தில்தான் மலிவான நல்ல சாப்பாடு இருக்கும். ருசி குறைந்தால் இவர்கள் மறுநாள் வரமாட்டார்கள். விலை கூடினால் வரவே முடியாது. படான்செருவிலிருந்து கோட்டி வரை ஓடும் 218-ஆம் எண் பேருந்து இவர்கள் எல்லோரையும் தொட்டுக்கொண்டு போகிறது.

படான்செருவில் 1972 முதல் இயங்குகிறது இக்ரிசாட் என்னும் பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம். சோளம், கம்பு, நிலக்கடலை, கொண்டைக்கடலை, துவரை ஆகியவை அது எடுத்துக்கொண்ட முக்கியப் பயிர்கள். எல்லாம் தக்காணத்தின் வானம் பார்த்த பூமியில் விளைபவை. இந்தச் சாலையின் மலிவுச் சாப்பாட்டிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

அடுத்து ராமச்சந்திராபுரம். உள்ளூரில் ஆர்.சி.புரம் என்பார்கள். 1960-களில் இங்கே பெல் தொழிற்சாலை வந்தது. திருச்சியில் பெல் ஆலை உள்ள திருவெறும்பூரைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊரின் காலைப் பரபரப்பு புதிதல்ல. சாலையோரத் தள்ளுவண்டிக்கு இங்கே பண்டி என்று பெயர். இட்லி, வடை, பூரி, மைசூர் போண்டா, உள்ளே உப்புமா வைத்து மடித்த பெசரட்டு எல்லாம் அதில் கிடைக்கும். தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சட்னியும் இஞ்சிச் சட்னியும். தேங்காய் தொலைவிலிருந்து வர வேண்டும். நிலக்கடலை பக்கத்து நிலத்தில் விளைகிறது. உட்கார நாற்காலி இல்லை, நின்றபடி சாப்பிட்டுக் கை கழுவிப் போகிறார்கள். விலை குறைவதற்கு இவையே காரணம். தரத்தில் ஒரு குறையும் இல்லை.

லிங்கம்பள்ளி, சந்தாநகர், மியாப்பூர் தாண்டிக் கூகட்பள்ளிக்கு மாலையில் வந்து சேருங்கள். ஓரமாக அடுப்பு மூட்டிய பெண்கள் சோள மாவைக் கையாலேயே தட்டி ரொட்டி சுடுகிறார்கள். மாவும் வெந்நீரும் தவிர அதில் வேறு எதுவும் தேவையில்லை. சூட்டோடு ஒரு குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டால் இரவு முழுக்கப் பசிக்காது.

அமீர்பேட்டை பயிற்சி மையங்களின் ஊர். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானா மாவட்டங்களிலிருந்தும் கணினி கற்க வந்த பிள்ளைகள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். இவர்களைப் போன்றவர்களால் வாழ்வது கர்ரி பாயிண்ட். அங்கே சோறு முக்கியமில்லை. பருப்பு, பொரியல், சாம்பார், தயிர் என்று வேண்டியதைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டிக் கொடுப்பார்கள். அறையில் குக்கரில் சோறு வைத்தால் நான்கு பேர் சேர்ந்து நிறைவாகச் சாப்பிடலாம். ஒரு நகரம் தன்னிடம் வந்த பிள்ளைகளுக்குச் செய்து தந்த மிகச் சிறந்த ஏற்பாடு இது என்பேன்.

பஞ்சகுட்டாவில் நிம்ஸ் மருத்துவமனை, லக்டிகாபூல் அருகே 1953-இல் திறந்த நிலோஃபர் குழந்தைகள் மருத்துவமனை. நோயாளியோடு வந்தவர்களின் பசி பற்றி யாராவது யோசிக்க வேண்டும். ஹைதராபாத் மாநகராட்சி யோசித்தது. சென்னையில் 2013-இல் அம்மா உணவகம் வந்தது. மறு ஆண்டே ஹைதராபாத்தில் 5 ரூபாய்க்குச் சோறு, சாம்பார், கறி, ஊறுகாய் தரும் அன்னபூர்ணா மையம் நாம்பள்ளியில் தொடங்கி நகரெங்கும் பரவியது. 2025-இல் அதற்கு இந்திரம்மா கேண்டீன் என்று பெயர் மாறி, காலை டிபனும் 5 ரூபாய்க்குச் சேர்ந்தது.

நிலோஃபர் பக்கம் இரானி சாயா குடிக்காமல் நகராதீர்கள். மூடிய பாத்திரத்தில் நிதானமாக இறங்கிய டிகாக்ஷன், தனியே சுண்டக் காய்ச்சிய பால், கூடவே உப்பும் இனிப்புமான உஸ்மானியா பிஸ்கட். மருத்துவமனை இளவரசி நிலோஃபர் பெயரில் இருக்கிறது. அவர் கணவர் பெயரில் 1935-இல் கட்டிய மொஅஸ்ஸம் ஜாஹி மார்க்கெட், நாம்பள்ளியிலிருந்து நடக்கும் தூரம். அங்கே பருவத்துப் பழங்களில் செய்யும் ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுவிட்டுக் கோட்டிக்குப் போகலாம்.

கோட்டியில் கோகுல் சாட். 2007 ஆகஸ்ட் 25 அன்று குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்த கடை இது. கடை மறுபடி திறந்தது, மக்களும் திரும்பி வந்தார்கள். இன்றும் அங்கே கூட்டம் குறையவில்லை.

சாலை அகலமாகும்போதெல்லாம் முதலில் அகற்றப்படுவது பண்டிகள்தாம். தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து, இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டம் இந்தச் சாலையில் முழுதாக நடைமுறைக்கு வர வேண்டும். பண்டி போனால் நஷ்டம் வியாபாரிக்கு மட்டுமல்ல. ஷிப்ட் தொழிலாளியும் அமீர்பேட்டைப் பிள்ளையும் அன்றே கூடுதல் விலை கொடுக்க நேரும்.