ஒரு பயானுக்கு ஒரு செய்தி



ஒரு மஹல்லாப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை குத்பாவுக்கு முன்பு இருநூறு பேர் அமர்ந்து அரை மணி நேரத் தமிழ் பயானைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் நூறு மணி நேரம் ஆகிறது. கடையைச் சாத்திவிட்டு வந்தவரும், அலுவலகத்தில் அனுமதி பெற்று வந்தவரும், ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தவரும் பேசுபவரை நம்பி ஒப்படைத்த நேரம் அது. பொருளை அமானிதமாகப் பெற்றவர் கணக்குச் சொல்ல வேண்டும் என்றால், நேரத்தை அமானிதமாகப் பெற்றவரும் சொல்லத்தான் வேண்டும்.

நான் பாடம் நடத்தும் மதரஸாவில் வியாழன் இரவு இஷாவுக்குப் பின் மாணவர்களின் பேச்சுப் பயிற்சி நடைபெறும். சமையற்கட்டு வேலை முடிந்ததும் எங்கள் சமையற்காரர் கடைசி வரிசையில் வந்து அமர்வார். ஒவ்வொரு பேச்சும் முடிந்த பிறகு, "பாய், தம்பி என்ன சொன்னார்?" என்று அவரிடம் கேட்பேன். "நல்லாப் பேசினாங்க ஹஜ்ரத்" என்பது மட்டும் பதிலாக வந்தால், அந்த மாணவர் அடுத்த வாரம் அதே தலைப்பை மீண்டும் தயாரிக்க வேண்டும். "கோபம் வந்தா நிக்கிறவங்க உட்கார்ந்துடணும்னு சொன்னாங்க" என்று பதில் வந்தால், பேச்சு தேறிவிட்டது.

இந்த அளவுகோல் சுன்னத்திலிருந்து கிடைத்ததுதான். தொழுகையை நீட்டுவதும் உரையைச் சுருக்குவதும் ஒருவரது மார்க்க விளக்கத்தின் அடையாளம் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அம்மார் (ரலி) அறிவிக்கிறார்கள். நபியவர்கள் பேசினால், எண்ண விரும்புகிறவர் அவர்களின் சொற்களை எண்ணிவிட முடியும் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம். மக்கள் சலிப்படைந்துவிடக் கூடாது என்று அஞ்சி, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைகளில் மட்டுமே உபதேசம் செய்தார்கள். அவ்வளவு கல்வி உடையவர்களே கேட்பவர்களின் நிலையை இவ்வளவு கவனித்திருக்கிறார்கள்.

ஓர் உரையை எப்படிக் கட்டுவது என்பதற்கு மாணவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் முன்மாதிரி, ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) அவர்கள் அபிசீனியாவில் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் பேசியதுதான். ஹிஜ்ரத் செய்து வந்த முஸ்லிம்களைத் திருப்பி அனுப்பும்படி குறைஷித் தூதர்கள் அன்பளிப்புகளுடன் வந்து நின்ற நேரம் அது. ஜஅஃபர் (ரலி) அவர்கள் முதலில் தங்கள் அறியாமைக் கால வாழ்வை ஒளிவின்றிச் சொன்னார்கள். வலியவன் எளியவனை விழுங்கிய சமூகம் தங்களுடையது என்றார்கள். பின்னர் அல்லாஹ் தூதரை அனுப்பியதையும், அத்தூதர் ஏவியவற்றையும், அதற்காகத் தாங்கள் பட்ட துன்பத்தையும் கூறினார்கள். இறுதியாக, அநீதி இழைக்கப்படாது என்று நம்பி மன்னரின் நாட்டைத் தேர்ந்தெடுத்து வந்ததாகச் சொன்னார்கள். மன்னர் இறைவசனங்களைக் கேட்க விரும்பியபோது மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள். கேட்பவர் ஒரு கிறிஸ்தவர் என்பதை உணர்ந்து செய்த தேர்வு அது. மன்னர் அழுதுவிட்டார். முஸ்லிம்களை ஒப்படைக்க மறுத்தார். அவையில் பேசிய சில நிமிடங்களில் ஒரு கூட்டத்தின் உயிரே அடங்கியிருந்தது.

நமது மிம்பரின் முன்னாலும் வாழ்க்கைகள் அமர்ந்திருக்கின்றன. இறுதியாண்டு மாணவர் ஒருவர் வட்டியைப் பற்றிப் பேச முப்பது பக்கம் குறிப்பெடுத்து வந்தார். எல்லாம் தண்டனை பற்றிய எச்சரிக்கைகள். "தம்பி, தினமும் தண்டல்காரருக்குப் பணம் கட்டும் ஆட்டோ ஓட்டுநர் இதைக் கேட்கிறார். சனிக்கிழமை காலையில் அவர் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். "தெரியவில்லை, உஸ்தாத்" என்றார். மறுநாளே அந்த மஹல்லாவின் பைத்துல் மால் செயலாளரைச் சந்தித்து, வட்டியில்லாக் கடன் யாருக்கு, எவ்வளவு, எந்த ஈட்டின் பேரில் தரப்படுகிறது என்று விசாரித்து வந்தார்.

அவரது பயான் பதினைந்து நிமிடமாகச் சுருங்கியது. சிரமத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் அல்பகறா 280ஆம் வசனத்தை ஓதி, கடன் கொடுத்தவர்களிடம் முதலில் பேசினார். பின்னர் வட்டியில் சிக்கியவர்களிடம், அஸருக்குப் பிறகு பைத்துல் மால் அலுவலகம் திறந்திருக்கும் என்றும், கேட்பவரின் பெயர் வெளியே போகாது என்றும் சொன்னார். அன்று மாலை இரண்டு பேர் விண்ணப்பம் வாங்கிச் சென்றார்கள். இரண்டு குடும்பங்கள் என்பது சிறிய எண்ணிக்கை அல்ல.

தயாரிப்பில் நான் வலியுறுத்துபவை சில உண்டு. கேட்பவர் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அதற்கு உதவாத ஹதீஸை, எவ்வளவு அழகானதாக இருந்தாலும், வேறொரு நாளுக்கு வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை மூலநூலில் பார்க்காமல் மேடைக்குக் கொண்டு செல்லாதீர்கள். கடிகாரத்தை வைத்து இருமுறை வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். ஒலிபெருக்கி இருக்கும்போது கத்த வேண்டியதில்லை. பெண்கள் பகுதியில் சத்தம் தெளிவாகக் கேட்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். யாரையும் அடையாளம் தெரியும்படி சாடாதீர்கள். தவறைக் கண்டால் பெயர் சொல்லாமல், சிலருக்கு என்ன நேர்ந்தது என்று பொதுவாகக் கேட்பதே நபிவழி.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மக்தப் மதரஸா ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைக்குப் பெரியவர் நடையில் உரை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். நடுவே ஒரு சொல் மறந்தால் பிள்ளை மேடையிலேயே உறைந்துவிடுகிறது. "உனக்கு இதில் எது பிடித்தது?" என்று கேளுங்கள். அது சொல்லும் ஐந்து வரிகளை அதன் சொற்களிலேயே பேசவிடுங்கள். மேடை ஏறும் முன், நெஞ்சை விரிவாக்கவும் நாவின் முடிச்சை அவிழ்க்கவும் மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆவை ஓதச் சொல்லுங்கள். தம் பேச்சைப் பிறர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்த நபி அதைக் கேட்டார்கள். புகழ் வேண்டும் என்று கேட்கவில்லை.

பிறருக்குப் பயன்படும் சொல்லையும், சொன்னபடி நடக்கும் பாக்கியத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.