பதினொரு கட்டிலும் பில் கேட்ட அம்மாவும்

போன வாரம் அகமதாபாத்தில் இருக்கும் ஒரு தமிழ் நண்பர் போன் பண்ணினார். வி.ஆர்.எஸ். வாங்கப் போகிறாராம். கையில் வரும் பணத்தில் வயசானவங்களுக்கு ஒரு சின்ன ஹோம் ஆரம்பிக்கலாமா என்று யோசனை. "உங்க வீட்ல நடத்துறாங்களே, நல்லா போகுதா சார்?" என்றார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்கிற விஷயமா அது? ராத்திரி பேசறேன்னு வச்சுட்டேன். அவரிடம் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வெளியூரில் இருக்கும் நம்மாட்கள் பல பேருக்கு இந்த யோசனை இருக்கு. அதைவிட அதிகம் பேருக்கு ஊரில் தனியா ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்காங்க.

டிஸ்கி: நான் வங்கி அதிகாரி. நாங்கள் தனியாகத் தொழில் எதுவும் நடத்தக் கூடாது என்பது நடத்தை விதி. மனைவி நடத்தினால் அதை எழுத்தில் தெரிவிக்கணும். தெரிவிச்சாச்சு. ஹோம் முழுக்க என் மனைவியுடையது. ஞாயிற்றுக்கிழமை கணக்கு பார்ப்பதும், கீசர் ரிப்பேர்காரனைத் துரத்துவதும்தான் என் பங்கு.

அவள் புனேயில் 17 வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். கடைசி சில வருஷம் எலும்பு முறிவு வார்டு. டிஸ்சார்ஜ் நாளன்று பிள்ளைகள் ஓரமாக வந்து, "சிஸ்டர், ஒரு மாசம் எங்கயாவது வச்சுப் பார்த்துக்க முடியுமா?" என்று கேட்பார்களாம். மகன் நியூ ஜெர்சியில், மகள் பெங்களூரில். ஆஸ்பத்திரியில் வைக்கும் அளவுக்கு நோய் இல்லை, வீட்டில் தனியாக விடும் அளவுக்குத் தெம்பும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஆட்களுக்கான இடத்தைத்தான் இப்போது அசிஸ்டட் லிவிங் என்று அழகாகச் சொல்கிறார்கள். 2018-ல் வேலையை விட்டுவிட்டு, கோத்ரூட் பக்கம் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்தாள். கீழ்த்தளத்தில் நாலு படுக்கையறை, ஒரு பெரிய ஹால். அறைக்கு இரண்டு, ஹாலைத் தடுத்து மூன்று, மொத்தம் 11 கட்டில். லிப்ட் இல்லாததால் மாடியில் முதியவர்களை வைக்க முடியாது. அங்கே ஸ்டாஃபும் சாமான் அறையும்.

காலனிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். "விருத்தாஷ்ரம் வந்தா தினம் ஆம்புலன்ஸ் வரும், வாசல்ல பாடை நிக்கும், வீட்டு விலை இறங்கும்" என்று ஒரு ரிடையர்டு ஆசாமி கையெழுத்து வேட்டையே நடத்தினார். அவருக்கு அப்போது 74 வயசு. இன்றுவரை எங்களுடன் பேசுவதில்லை.

லைசென்ஸ் கதை தனி. அலைந்த இடத்தில் எல்லாம் "நீங்க ஆஸ்பத்திரியா, லாட்ஜா, ஹாஸ்டலா?" என்று கேட்டார்கள். மூன்றும் இல்லை என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கடைசியில் ஷாப் ஆக்ட், சமையலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஸ்டாஃபுக்குப் போலீஸ் சரிபார்ப்பு, தீயணைப்புக் கருவி என்று துண்டு துண்டாகச் சேர்த்தோம். ஜிஎஸ்டியில் 2018 ஜூலையில் ஒரு விலக்கு வந்தது. அரசோ, வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயதைத் தாண்டியவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் வரி இல்லை. தனியார் என்பதால் எங்களுக்கு அது பொருந்தாது. நண்பரிடம் முதலில் சொன்னதே இதுதான்: அறக்கட்டளையா, தனித் தொழிலா என்பதை வீடு தேடுவதற்கு முன்னாடியே ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு பண்ணுங்க.

இனி கணக்கு. (பி.காம். படிச்சவன் வேற எதை எழுதுவான்!) ஆரம்பித்த சமயத்துக் கணக்கு இது. மாத வாடகை 70,000. கவனித்துக்கொள்ளும் பெண்கள் ஆறு பேர், ஆளுக்கு 15,000. பகலில் மூன்று பேர், ராத்திரி இரண்டு பேர், வார லீவுக்கு மாற்று ஒருத்தர். நர்ஸ் 20,000, சமையல் 16,000, துப்புரவு 9,000. கரண்ட், கேஸ், துணி துவைப்பு 18,000. டாக்டர் விசிட்டும் சில்லறைச் செலவும் 16,000. ஸ்டாஃப் சாப்பாடு 15,000. இவ்வளவும் கட்டில் காலியாக இருந்தாலும் ஆகும், கூட்டிப் பார்த்தால் 2,54,000. இதற்கு மேல் ஒரு முதியவரின் சாப்பாட்டுக்கு 4,500. கட்டணம் வரி நீங்கலாக 30,000. அதாவது ஒவ்வொரு கட்டிலிலும் நிற்பது 25,500. பத்துக் கட்டில் நிறைந்தால் கையைக் கடிக்காது, அவ்வளவுதான். பதினொன்றாவது கட்டில்தான் என் மனைவியின் சம்பளம். அவள் விட்டுவிட்டு வந்த சம்பளம் 38,000.

பத்து நிறைய எங்களுக்கு 14 மாசம் ஆச்சு. அதுவரை என் பி.எஃப். லோன்தான் வாடகை கட்டியது. தொழில் கடன் கேட்டு வருபவர்களிடம் "ஆறு மாசத்தில் நிறைந்துவிடும்னு எதை வச்சு எழுதியிருக்கீங்க?" என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்கிற ஆள் நான். என் வீட்டு புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் ஆறு மாசம் என்றுதான் எழுதியிருந்தேன்!

ஸ்டாஃப்தான் பெரிய தலைவலி. இந்தப் பெண்களை இங்கே மாவ்ஷி என்பார்கள், நம்ம சித்தி மாதிரி. ஏஜென்சி மூலம் எடுத்தால் ஒரு மாசச் சம்பளம் கமிஷன். கணபதிக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை. 2020 மார்ச்சில் லாக்டவுன் வந்தபோது நாலு பேர் மாடியிலேயே தங்கிவிட்டார்கள். என் மனைவியும் பாய் தலையணையோடு அங்கேயே போய்விட்டாள். நான் கேட்டுக்கு வெளியே காய்கறிப் பையை வைத்துவிட்டு வருவேன். அந்த நாலு பேரில் மூன்று பேர் இப்பவும் இருக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் ஹோம் இல்லை.

பாத்ரூம் விஷயத்தில் என் மனைவி ராட்சசி. கதவு வெளிப்பக்கம் திறக்கணும், உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. வழுக்காத டைல், உயரமான கமோடு, இரண்டு பக்கமும் சுவரில் கைப்பிடி, கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ராத்திரி விளக்கு. விடியற்காலை இரண்டிலிருந்து நாலுக்குள் எழுந்து போகும்போதுதான் அதிகம் விழுகிறார்கள் என்பது அவள் வார்டு அனுபவம். எழுந்திருக்க முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். யார் எப்போது புரட்டினார்கள் என்று சுவரில் தொங்கும் நோட்டில் கையெழுத்து. எங்க பேங்க் வால்ட் ரிஜிஸ்டர்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

முதல் சாவு 2019 மழைக்காலத்தில். 88 வயசு, ஓய்வு பெற்ற என்ஜினியர், தூக்கத்திலேயே போய்விட்டார். மகன் கனடாவில். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, மாசா மாசம் டாக்டர் வந்து பார்த்து எழுதி வைப்பதன் அருமை. ஆஸ்பத்திரிக்கு வெளியே இறந்தால், இதுவரை பார்த்து வந்த டாக்டர் காரணம் எழுதி 4ஏ படிவம் கொடுக்கணும். முன்பின் பார்க்காத டாக்டர் கொடுக்க மாட்டார், விஷயம் போலீஸ் வரை போகும். எங்கள் டாக்டர் நாலரை மணிக்கு மழையில் ஸ்கூட்டரில் வந்தார். வைகுண்ட் மயானத்தில் மகன் வீடியோ காலில் பார்த்தார், நடுவில் இரண்டு முறை லைன் கட் ஆனது. அதற்குப் பிறகு சேர்க்கை படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: ராத்திரியில் நிலைமை மோசமானால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமா, இங்கேயே இருக்கட்டுமா? அந்த இடத்துக்கு வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

நவம்பர் மாசம் என் துறை. உயிர் சான்றிதழ். தேய்ந்த விரலில் ரேகை விழாது. 2021-ல் முகத்தை வைத்துச் செய்யும் வசதி வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் மறதி நோய் உள்ள ஆஜியை கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லிப் பாருங்கள், தெரியும். இன்னொன்று, வீட்டைப் பிள்ளை பேரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். 2007-ம் வருஷப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை பார்த்துக்கொள்ளவில்லை என்றால் தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று ஆக்க வழி இருக்கு. ஆனால் பாசத்தில் எழுதும்போது நிபந்தனையை யார் எழுதுகிறார்கள்? உங்க அப்பா எழுதினால் எழுதச் சொல்லுங்க. நீங்க நல்ல பிள்ளைதான், இருந்தாலும்.

இனி நண்பரிடம் சொல்லாமல் விட்டது.

அப்பா 2014-ல் போனபின் அம்மா மாயவரத்தில் தனியாகத்தான் இருந்தார். புனே குளிர், புரியாத பாஷை என்று வர மறுத்தார். எங்கள் பிளாட்டும் மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. தினம் ராத்திரி எட்டு மணிக்கு போன். 2022 ஆகஸ்டில் ஒரு நாள் எட்டு மணிக்கு எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொல்லைப்புற பாத்ரூமில் விழுந்து கிடந்தார், சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து. இடுப்பு எலும்பு முறிவு.

தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து சாமான் எடுக்க வீட்டுக்குப் போனேன். அந்த பாத்ரூமில் நின்றேன். பாசி பிடித்த சிமெண்ட் தரை, உள்பக்கம் திறக்கிற கதவு, பிடித்துக்கொள்ள ஒரு ஆணிகூட இல்லை. புனேயில் ஊரார் பெற்றோருக்காக நானே டிரில் பிடித்துப் போட்ட கைப்பிடிகளுக்குக் கணக்கே இல்லை. ஒன்று 650 ரூபாய். நாலு வருஷத்தில் எட்டு முறை மாயவரம் போயிருக்கிறேன், அதே பாத்ரூமில்தான் குளித்திருக்கிறேன். தோன்றவே இல்லை. என் மனைவி இதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கும் தோன்றவில்லை என்பதுதான் அவள் வருத்தம் என்று நினைக்கிறேன்.

திருச்சியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து புனே, வீல்சேரில். பிளாட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. ஹோம்தான். ஏழாம் நம்பர் கட்டில். "ஆறு வாரம்தாம்மா, நடக்கிற வரைக்கும்" என்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "உன் வீடுன்னு சொல்லித்தானே கூட்டியாந்தே" என்றார். சித்தப்பாவிடமிருந்து அன்றைக்கே போன்: "ஏன்டா, பேங்க் ஆபீசரு, ஒத்தப் புள்ளை, ஆத்தாளைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டியாமே?" மருமகள் நடத்துற இடம் சித்தப்பா, தினம் ரெண்டு வேளை நான் போறேன் என்றெல்லாம் விளக்கினேன். "எல்லாம் சரிடா, பேரு என்ன? ஹோம்தானே?" அதற்குப் பதில் இல்லை.

முதல் பத்து நாள் அம்மா சாப்பாட்டைத் தொட்டுவிட்டு வைத்துவிடுவார். வரண் பாத் என்று பருப்புச் சோறு, லேசாக வெல்லம் போட்ட ஆம்டி. "சாம்பார்ல சக்கரையை யாரும்மா கொட்டினது?" பக்கத்துக் கட்டிலில் 84 வயசு மராத்தி ஆஜி, ரிடையர்டு டீச்சர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. ஆனால் பிசியோதெரபிக்காரர் வந்து அம்மா வலியில் கத்தினால், ஆஜி அங்கிருந்து அவரை மராத்தியில் திட்டுவார். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது.

மூன்றாவது வாரம் என்னைக் கூப்பிட்டார். "எல்லாரும் மாசம் எவ்வளவு தர்றாங்க?" என்றார். சொன்னேன். "எனக்கு எவ்வளவு பில்லு?" உனக்கு என்னம்மா பில்லு என்றேன். "அப்படின்னா நான் இங்க யாரு? தர்ற ஜனம் டீ ஆறிப்போச்சுன்னா கொண்டு போன்னு சொல்லுது. நான் சொன்னா மருமவளைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும்." அப்பாவின் ஃபேமிலி பென்ஷன் 19,000 சொச்சம். அதிலிருந்து 15,000 தருவதாகப் பேரம் பேசினார். நான் முடியாது என்றேன். என் மனைவி, "வாங்கிக்கறேன் அத்தை" என்று சொல்லி ரசீதும் கிழித்துக் கொடுத்தாள். மறுநாள் காலையிலேயே அம்மா முதல் புகாரைக் கொடுத்தார்: காபி. இப்போது சமையல் மாவ்ஷி டிகாக்ஷன் போடுகிறார். இரண்டு ஆஜிகள் டீயை விட்டுவிட்டு இதற்கு மாறிவிட்டார்கள்.

ஆறு வாரம் என்று வந்தவர் வாக்கரில் நடக்க ஆரம்பித்து இத்தனை வருஷம் ஆகியும் அங்கேயேதான். நான் பாதி நாள் சந்தோஷப்படுகிறேன், பாதி நாள் சித்தப்பா கேட்டது ஞாபகம் வருது. பதினொன்றில் ஒன்று அம்மாவுக்குப் பாதி விலையில் போனதால் கணக்கும் கொஞ்சம் இடிக்கிறது.

அகமதாபாத் நண்பருக்குக் கணக்கையெல்லாம் எக்செல்லில் அனுப்பிவிட்டேன். உங்க அம்மா எங்கே இருக்காங்க என்று கேட்டேன். திருநெல்வேலியில், தனியாகத்தான் என்றார். முதலில் அந்த பாத்ரூமைப் போய்ப் பாருங்க சார் என்றேன்.

தை மாசம் மாயவரம் போய் பத்து நாள் இருக்கணும் என்கிறார் அம்மா. அங்கே இப்போது கைப்பிடி இருக்கு, கதவும் வெளிப்பக்கம் திறக்கும். டிக்கெட் போடணும். அந்தப் பத்து நாளைக்கு பில்லில் கழிப்பாங்களான்னு மருமகளிடம் கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.